கைக்கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கு

சான்பாடாவில் காலை ஆறு மணிக்கு பாம் பீச் ரோடு பக்கம் வந்து பார்த்தால் நம்மவர்கள் பலரைச் சந்திக்கலாம். மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் வளர்ந்தவர்கள், தாராவியிலிருந்து குடும்பத்தோடு வாஷிப் பாலம் தாண்டி வந்தவர்கள், நெல்லையிலிருந்து வேலைக்கென்று நேரே இங்கே வந்து இறங்கிய இளைஞர்கள் என்று எல்லோரும் நடக்கிறார்கள். முன்பெல்லாம் நடை முடிந்ததும் ஊரில் மழை உண்டா, டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிற்றா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இப்போது முதல் கேள்வியே "எவ்வளவு எரிச்சீங்க?" என்பதுதான். ஒருவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து 340 என்கிறார். இன்னொருவர் 510 என்கிறார். இருவரும் பேசிக்கொண்டே ஒரே வேகத்தில் கூடவே நடந்தவர்கள்!

நான் தானா-பேலாப்பூர் சாலையில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவன். அதனால் சங்கக் கூட்டங்களில், "அண்ணாச்சி, நீங்க காலிப்ரேஷன் ஆளாச்சே, இந்த நம்பரை நம்பலாமா?" என்று கேட்கிறார்கள். நின்றுகொண்டே இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதிலில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பட்டறையில் பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர் என்று ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு தொங்கும். என்றைக்குச் சரிபார்த்தது, எந்த மூலக் கருவியோடு ஒப்பிட்டது, எத்தனை சதவிகிதம் கூடக் குறையக் காட்டலாம் என்று அதில் எழுதியிருக்கும். சீட்டு இல்லாத கருவியின் எண்ணை யாரும் நோட்டில் எழுத மாட்டோம். கலோரி காட்டும் கடிகாரத்தில் அப்படி ஒரு சீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

முதலில் கலோரி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது வெப்பத்தின் அளவு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பமே, நாம் சாப்பாட்டு விஷயத்தில் சொல்லும் ஒரு கலோரி. மனித உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பதை நேராக அளக்க வேண்டுமானால் அது வெளிவிடும் வெப்பத்தை அளக்க வேண்டும். அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்ற விஞ்ஞானி 1890களில் அதைத்தான் செய்தார். காற்றுப் புகாத ஒரு சிறு அறை கட்டி, அதற்குள் ஆளை நாள்கணக்கில் குடியிருக்கச் செய்து, அவர் உண்பது, மூச்சு விடுவது, உடம்பிலிருந்து வரும் சூடு எல்லாவற்றையும் அளந்தார். இன்று பிஸ்கெட் பாக்கெட்டின் பின்னால் அச்சிடும் கலோரி எண்ணுக்கு அவர் வேலைதான் அடிப்படை.

இன்னொரு வழி, மூச்சை அளப்பது. உடம்பு எதை எரித்தாலும் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ 5 கலோரி எரிந்தது என்று கொள்ளலாம். ஆஸ்பத்திரிகளிலும் விளையாட்டுப் பயிற்சி நிலையங்களிலும் முகத்தில் முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓடவிடுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது இதற்குத்தான். ஆக, வெப்பத்தை அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சை அளக்க வேண்டும். கையில் கட்டிய கடிகாரம் இரண்டையும் அளக்கவில்லை.

பின் அது என்னதான் செய்கிறது? அதற்குள் அசைவை உணரும் ஒரு சின்னஞ்சிறு சில்லு இருக்கிறது. கை வீசும் தாளத்தை வைத்து அது காலடிகளை எண்ணுகிறது. கடிகாரத்தின் அடிப்பக்கம் பச்சை விளக்கு மினுக்குவதைக் கவனித்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் இரத்தம் கூடுகிறது, திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த கணம் இரத்தம் வடிகிறது, ஒளி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித் துடிப்பு கிடைத்துவிடும். அருமையான யுக்தி, அதில் சந்தேகமில்லை. இவற்றோடு நீங்கள் ஆரம்பத்தில் கொடுத்த வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்ற நான்கு விவரங்கள். இவ்வளவுதான் கையிருப்பு. இதற்குமேல் வருவதெல்லாம் சூத்திரம். எந்தச் சூத்திரம் என்பதைப் பெரும்பாலான கம்பெனிகள் முழுதாக வெளியே சொல்வதில்லை, தொழில் ரகசியமாம்.

2017 மே மாதம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட் சர்ஜ், சாம்சங் கியர் எஸ்2 உள்பட ஏழு கருவிகளை 60 பேர் கையில் கட்டி, நடக்கவும் ஓடவும் நிலையான சைக்கிளை மிதிக்கவும் வைத்து, கூடவே அவர்கள் மூச்சையும் அளந்தார்கள். நாடித் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவிகிதத்துக்குள் சரியாக இருந்தன. ஆனால் கலோரியில்? அந்த ஏழில் சிறந்தது என்று பெயர் வாங்கியதே சராசரியாக 27 சதவிகிதம் பிசகியது. மோசமானது 93 சதவிகிதம்! உண்மையில் 300 கலோரி எரித்தவருக்கு முதலாவது 219 என்றும் காட்டலாம், 381 என்றும் காட்டலாம். இரண்டாவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த மாடல்கள் இப்போது பழசாகிவிட்டன. ஆனால் பின்னால் வந்த கருவிகளைச் சோதித்தபோதும் கலோரிதான் பலவீனமான இடமாக இருந்திருக்கிறது. ஏனென்றால் குறை விளக்கிலோ சில்லிலோ மட்டும் இல்லை. நாடியிலிருந்து கலோரிக்குத் தாவும் அந்தத் தாவலில் இருக்கிறது.

நாடி எதற்கெல்லாம் ஏறும் என்று எண்ணிப் பாருங்கள். மே மாதத்து மும்பைப் புழுக்கத்தில் அதே தூரம், அதே வேகம் நடந்தாலும் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. உடம்பைக் குளிர்விக்க இரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறதே! கடிகாரம் அதை "கடினமான உழைப்பு" என்று எடுத்துக்கொண்டு கலோரியைக் கூட்டிப் போடுகிறது. எரிந்தது அதிகமில்லை, வேர்த்ததுதான் அதிகம். காப்பி குடித்தால் ஏறும், காய்ச்சல் வந்தால் ஏறும், கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வந்தால் சோபாவில் சாய்ந்திருப்பவருக்கும் ஏறும். இதற்கு நேர்மாறாக, இரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதயம் வேண்டுமென்றே மெதுவாகத் துடிக்க வைக்கப்படுகிறது. அவர்கள் மூச்சு வாங்க நடந்தாலும் கடிகாரம் சும்மா உலாவுவதாக நினைத்துக்கொள்ளும்.

கையசைவின் கதை இதைவிட வேடிக்கை. சந்தையிலிருந்து இரண்டு கையிலும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வருபவருக்குக் கை வீசாததால் பல காலடிகள் கணக்கில் வராது. பை கனக்கும்போது செலவாகும் சக்தியும் தெரியாது. குர்லா பாலத்தில் ஏறிக் கூட்டத்தில் நசுங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கும் உழைப்பில், மார்போடு அணைத்த கையில் இருக்கும் கடிகாரம் பாதியைத்தான் பார்க்கும். உட்கார்ந்து உற்சாகமாகத் தாளம் போடுபவருக்கோ நடந்ததாகவே கணக்கு வரலாம். பாத்திரம் தேய்ப்பது, சப்பாத்திக்கு மாவு பிசைவது, குனிந்து துடைப்பது இவையெல்லாம் பல கடிகாரங்களுக்குப் புரியாத பாஷை. நம் வீட்டுப் பெண்களின் வேலையைக் குறைத்து மதிப்பிட ஏற்கெனவே வீட்டில் ஆள் இருக்கிறோம். இப்போது இயந்திரமும் சேர்ந்துகொண்டது.

வளையலையும் சொல்ல வேண்டும். கடிகாரம் தோலோடு ஒட்டி இருந்தால்தான் பச்சை ஒளி ஒழுங்காகத் திரும்பி வரும். கைநிறைய வளையல் போட்டு, அதற்கு நடுவில் கடிகாரத்தையும் தொளதொளவென்று கட்டினால் வெளி வெளிச்சம் உள்ளே புகுந்து நாடிக் கணக்கே குளறுபடியாகும். பச்சை குத்திய கையும் அப்படித்தான். நம் பாட்டிமார் பலருக்கு முன்கையில் கோலம் போல் பச்சை குத்தியிருக்கும். அந்த மை ஒளியை மறித்துவிடுவதால் நாடி சரியாகப் பிடிபடாது. பேரன் ஆசையாக வாங்கி அனுப்பிய கடிகாரம் "கையில் கட்டவில்லை" என்றுகூடச் சொல்லும். கருத்த தோலில் பிசகு கூடுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் சொன்ன 2017 சோதனையில் கூடியது. டியூக் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில் தோல் நிறத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, உடம்பு அசையும்போதுதான் பிசகு கூடியது.

இதுவரை சொன்னது கருவியின் சங்கடம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சூத்திரத்தின் சங்கடம். சும்மா படுத்திருக்கும்போதுகூட இதயம், மூளை, ஈரல் எல்லாம் வேலை செய்ய உடம்பு எரித்துக்கொண்டேதான் இருக்கிறது. நம்மில் பலருக்கு நாள் முழுதும் எரிவதில் பெரும் பங்கு இதுதான். வயது 55, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 68 கிலோ உள்ள ஆணுக்கு, 1990இல் வெளியாகி இன்று பரவலாகப் பயன்படும் சூத்திரம் ஒன்றின்படி நாளைக்கு 1460 கலோரி வருகிறது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் ஒரு கலோரி. சரி, இப்படிப்பட்ட சூத்திரங்களை யாருடைய உடம்பை அளந்து எழுதினார்கள்?

இவற்றில் மூத்தது 1919இல் ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இருவர் போட்டது. அதற்காக அளக்கப்பட்டவர்கள் அமெரிக்காவில் 136 ஆண்கள், 103 பெண்கள். அதே பெனடிக்ட், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன் என்ற பெண்மணியோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் உடம்பு ஓய்வில் எவ்வளவு எரிக்கிறது என்று அளந்து, 1931இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார். அமெரிக்கக் கணக்கைவிடச் சுமார் 17 சதவிகிதம் குறைவு! நம் சென்னையில், நம் பெண்களிடம், பெனடிக்டின் சொந்தச் சூத்திரமே பொருந்தவில்லை என்று அவரே கண்டார். கைக்கடிகாரக் கலோரிக்கு ஏறத்தாழ எண்பது வருடம் முன்பே வந்த எச்சரிக்கை இது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

அதன் பிறகும் கதை பெரிதாக மாறிவிடவில்லை. 1985இல் உலக சுகாதார நிறுவனமும் அதன் தோழமை அமைப்புகளும் உலகம் முழுதுக்கும் பரிந்துரைத்த சூத்திரத்துக்கு அடிப்படை 7173 அளவுகள். அவற்றில் 3388 இத்தாலியர்களுடையவை! அதில் பலர் ராணுவம், போலீஸ் என்று உடற்பயிற்சி செய்து இறுகிய இளைஞர்கள். அந்தக் கணக்கைச் சான்பாடாவில் சாய்வு நாற்காலியில் இருக்கும் நம் ஆளுக்குப் போட்டால் எப்படி இருக்கும்? நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இதை உணர்ந்து, இந்தியர்களுக்கு அதில் 5 சதவிகிதம் கழித்துக்கொள்ளச் சொன்னது. 1460இல் 5 சதவிகிதம் என்றால் 73 கலோரி. ஒரு இட்லிக்குச் சற்று கூட.

உடனே "நம் ரத்தமே வேறு, நம் ஜாதகமே வேறு" என்று முடிவு கட்ட வேண்டாம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வில் விஷயம் தெளிவானது. கொழுப்பு நீங்கலான உடம்பு, அதாவது தசையும் உள்ளுறுப்புகளும் எவ்வளவு என்று பார்த்து ஒப்பிட்டால் இந்தியர், ஆஸ்திரேலியர் வித்தியாசம் மறைந்துவிடுகிறது. எரிக்கும் அடுப்பு தசையும் உள்ளுறுப்பும்தான். கொழுப்பு பெரும்பாலும் அடுக்கி வைத்த விறகு. நம்மில் பலருக்கு ஒரே எடையில் விறகு கூட, அடுப்பு சின்னது.

இதற்குப் பக்கத்து ஊரிலேயே அழகான சாட்சி இருக்கிறது. புனே கே.இ.எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் யாஜ்னிக், லண்டனின் டாக்டர் யூட்கின் இருவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடை என்று பார்க்கும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் அச்சாக 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2 சதவிகிதம்! பார்வைக்கு இருவரும் ஒல்லிதான். உங்கள் கடிகாரத்துக்கு இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது கேட்டது எடையைத்தானே?

இன்னொரு கணக்குச் சிக்கலும் உண்டு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில கடிகாரங்கள் நடைக்காகக் கூடுதலாக எரிந்ததை மட்டும் தனியே காட்டும். சில, சும்மா இருந்தாலும் எரிந்திருக்கக் கூடியதையும் சேர்த்துக் காட்டும். 72 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால், ஓய்வில் இருப்பதைப் போல் மூன்றரை மடங்கு என்ற வழக்கமான கணக்கில் சுமார் 250 கலோரி. அதில் 70 அவர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் எரிந்திருக்கும். நடையின் நிகர வரவு 180தான்.

இந்த 72 கிலோ கற்பனை ஆளில்லை. எங்கள் கட்டடத்து நண்பர். பத்து வருடமாகச் சர்க்கரை. மகள் கடிகாரம் வாங்கிக் கொடுத்ததிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் நடந்தார்; அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் கடிகாரம் 410 என்று காட்டும். மனிதர் அதைப் பாங்க் பாஸ்புக் மாதிரி எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் ஒரு வடா பாவ், சர்க்கரை போட்ட ஒரு டீ என்று "வரவுக்குள்" செலவு செய்தார். வரவோ 180, வடா பாவ் ஒன்றே 300 பக்கம் போகும். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்பார்கள். நாளைக்கு 230 கூடினால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. உடம்பு அப்படி நேர்க்கோட்டில் போவதில்லை என்றாலும் மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது, எச்பிஏ1சி 7.1லிருந்து 7.9 ஆயிற்று. "இவ்வளவு நடந்துமா?" என்று அவர் கேட்டபோது முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

எதிர்த்திசையிலும் நடக்கிறது. மேல்மாடியில் ஒரு அம்மா. காலை ஐந்து மணி முதல் இரவு பத்து வரை நிற்காத வேலை. "அண்ணாச்சி, நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கேன், இது நூத்தியெண்பதுதான் காட்டுது. நான் வேலையே செய்யலைங்குதா?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் இராச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். அவர் சாப்பிடுவது கிளிமிபிரைடு வகை மாத்திரை. அது உள்ளே போனபின் சாப்பாடு போகாவிட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கும். ஒரு ராத்திரி வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கி விழப்போனவரை, மருமகள் சமயத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினாள். மறுநாள் டாக்டர் மாத்திரையின் அளவைப் பார்த்தார். சாப்பாட்டை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இவை அபூர்வமான வீடுகள் அல்ல. 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய்; வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம். இந்த ஆய்வில் முன்னின்றவர்கள் சென்னை டாக்டர்கள்தான்.

அப்படியானால் கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிடலாமா? வேண்டாம். எங்கள் தொழிலில் பிசகு இரண்டு வகை. எப்போதும் ஒரே பக்கம் ஒரே அளவு பிசகும் கருவியை வைத்துக் காலம் தள்ளலாம். ஐந்து நிமிடம் வேகமாக ஓடும் சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாம் ரயில் பிடிக்கவில்லையா? இன்று ஒரு மாதிரி நாளை ஒரு மாதிரி பிசகுவதுதான் ஆபத்து. கடிகாரக் கலோரி இரண்டும் கலந்தது. எனவே அதே கடிகாரம், அதே கை, அதே பாதை, ஏறத்தாழ அதே நேரம் என்று வைத்துக்கொண்டு, போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியதா குறைந்ததா என்று பார்க்க அது உதவும். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிட உதவாது. சாப்பாட்டுத் தட்டோடு பேரம் பேச அறவே உதவாது.

அதைவிட நம்பகமானவை அதிலேயே இருக்கின்றன. கை வீசி நடக்கும்போது காலடி எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே வரும். பத்தாயிரம் காலடி என்பதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்; அது 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு காலடி மானியின் பெயரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 பெண்களைக் கவனித்து 2019இல் வந்த ஆய்வில், நாளைக்கு 4400 காலடி வைத்தவர்களிடமே மரண விகிதம் 2700 வைத்தவர்களைவிடக் குறைந்திருந்தது. 7500க்கு மேல் பெரிய வித்தியாசமில்லை. காலை எழுந்தவுடன் காட்டும் ஓய்வு நாடியும் ஓரளவு நம்பக்கூடியதே. உழைப்பு போதுமா என்று அறிய ஒரு சுலபமான சோதனை: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதோடு தையல்காரர் டேப்பால் மாதம் ஒரு முறை இடுப்பளவு. சர்க்கரை இருப்பவர்களுக்கு க்ளுக்கோமீட்டர் சொல்வதே தீர்ப்பு.

மேல்மாடி அம்மா கடிகாரத்தை இப்போதும் கட்டிக்கொள்கிறார். வளையல்களை வலக்கைக்கு மாற்றி, இடக்கையில் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, ஆடாமல் கட்டச் சொன்னேன். அவர் போனில் உள்ளே போய்ப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. மகன் அவசரத்தில் கடிகாரத்தோடு வந்த விவரங்களை மாற்றாமலே விட்டிருக்கிறான். 58 கிலோ எடையுள்ள 61 வயதுப் பெண்மணியை அந்தக் கடிகாரம் இரண்டு வருடமாக 70 கிலோ எடையுள்ள 30 வயது ஆண்பிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருந்தது. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.